கருப்பட்டியும் சர்க்கரைதான், இதை நாமே சொல்ல வேண்டும்

இயற்கை உழவர் சந்தைகளிலும் விதைத் திருவிழாக்களிலும் இப்போது ஒரு வாசகத்தை அடிக்கடி பார்க்கலாம். ஒரு கடையில் "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் அரிசி" என்று எழுதியிருக்கும். அடுத்த கடையில் கருப்பட்டி லட்டுக்கு மேலே "சுகர் உள்ளவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம்" என்றிருக்கும். அதற்கடுத்த கடையில் தேன், பக்கத்தில் சிறுதானிய பிஸ்கட். எல்லாவற்றுக்கும் இதே சான்றிதழ்தான். இந்தப் பலகைகளை நாமே கழற்றிவிட வேண்டும் என்பது என் கருத்து. அதிகாரி யாராவது வந்து சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது.

நான் வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்று, இரணியல் பக்கம் ஒன்றரை ஏக்கரில் தென்னை, வாழை, காய்கறி, கொஞ்சம் நெல் என்று ரசாயனம் இல்லாமல் செய்து வருகிறேன். பதினேழு வருடமாகச் சர்க்கரை நோயோடும் இருக்கிறேன். ஆகவே விற்கிற பக்கமும் வாங்குகிற பக்கமும் எனக்குத் தெரியும்.

பக்கத்து ஊர் உழவர் ஒருவர், அறுபது வயது, நல்ல உழைப்பாளி. "இந்த அரிசி சாப்பிட்டா மாத்திரையே வேண்டாம்" என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி, மூன்று வேளையும் வயிறு நிறையச் சிவப்பரிசிச் சோறு சாப்பிட்டார். மாத்திரையை நிறுத்தினார். எட்டு மாதம் கழித்துக் காலில் முள் குத்தின புண் ஆறவே இல்லை. இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். அந்தக் கடைக்காரர் கெட்டவர் இல்லை. தான் விளைவித்த பொருள்மேல் உள்ள பிரியத்தில் சொல்லிவிட்டார். ஆனால் விரல் போனது போனதுதான்.

நாங்கள் என்ன சாப்பிடுகிறோம்?

குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சாப்பாட்டில் நாங்கள் இன்னும் பாதி திருவிதாங்கூர்தான். காலையில் புட்டும் பழமும், இல்லையென்றால் ஆப்பம். மதியம் சோறு. சாயங்காலம் சாயாவுக்குப் பழம்பொரி. ராத்திரி மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சத்துக்கு மாற்றாகப் பரப்பிய கிழங்கு இது. அன்றைக்கு உயிரைக் காப்பாற்றியது. இன்றைக்கு அதையும் தின்றுவிட்டு மேலே ஒரு தட்டுச் சோறும் தின்கிறோம்.

ஐ.சி.எம்.ஆர்–இண்டியாப் என்ற நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றார்கள். 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் நாட்டின் சராசரி 11.4 சதவீதம். தமிழ்நாட்டில் 14.4. கேரளத்தில் 25.5. இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற எங்கள் மாவட்டத்துக்காரர்கள் இந்த எண்களை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அரிசி எந்த நிறமானாலும் அரிசிதான்

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையில் 100 கிராம் தானியத்துக்குக் கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். தீட்டிய பச்சரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். தீட்டாத அரிசியில் 75. கேழ்வரகில் 67. சாமையிலும் வரகிலும் 66 சொச்சம். வித்தியாசம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் "தாராளமாகச் சாப்பிடலாம்" என்று சொல்கிற அளவுக்கு வித்தியாசம் இல்லை.

மாவுச்சத்து எவ்வளவு வேகமாக ரத்தத்தில் சர்க்கரையாக ஏறுகிறது என்பதற்கு ஒரு குறியீடு வைத்திருக்கிறார்கள். 55க்குக் கீழே என்றால் மெதுவாக ஏறும், 70க்கு மேலே என்றால் வேகமாக ஏறும். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையத்தில் ஒரே ரக அரிசியை மூன்று விதமாக அரைத்துப் பார்த்தார்கள். உமியை மட்டும் நீக்கியபோது 57.6. வெறும் 2.3 சதவீதம் தீட்டியபோது 73. 4.4 சதவீதம் தீட்டியபோது கிட்டத்தட்ட 80. அதாவது ரகத்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது. மில்லில் என்ன செய்தோம் என்பதையும் பார்க்க வேண்டும். மாப்பிள்ளைச் சம்பாவை நட்டு, மூடாக்குப் போட்டு, அமுதக்கரைசல் தெளித்துப் பாடுபட்டுவிட்டு, கடைசியில் "பார்க்க நல்லா இருக்கணும், சீக்கிரம் வேகணும்" என்று தீட்டிக் கொடுத்தால், சர்க்கரை நோயாளிக்கு நாம் சொன்ன நன்மையில் பெரும்பகுதி தவிட்டோடு மாட்டுத் தொட்டிக்குப் போய்விடுகிறது.

இதே இண்டியாப் ஆய்வின் இன்னொரு பகுதி 2025இல் வந்தது. நம் மக்களுக்குக் கிடைக்கும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்தில் இருந்து வருகிறது. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றிக்கொண்டால் மட்டும் ஆபத்து குறையவில்லை. மொத்த மாவுச்சத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் பொருள் போன்ற புரதத்தைக் கூட்டியவர்களுக்கே ஆபத்து குறைவாக இருந்தது.

என் வீட்டிலேயே இதை அளந்து பார்த்தேன். குளுக்கோமீட்டர் வைத்துச் சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும். கடை வெள்ளரிசிச் சோறு இரண்டு கப், 214. என் வயல் சிவப்பரிசி, உமி மட்டும் நீக்கியது, அதே இரண்டு கப், 196. அதே சிவப்பரிசி மூன்று கப், 231. அதே அரிசி ஒரு கப், கூட இரண்டு கப் காய், மீன்கறி, 158. இது ஒரு ஆளின் உடம்பு, ஆய்வு இல்லை. உங்கள் எண் வேறாக இருக்கும். ஆனால் எனக்கு விஷயம் தெளிவாயிற்று. ரகத்தை மாற்றியதில் குறைந்தது 18. அளவை மாற்றிக் காயைக் கூட்டியதில் குறைந்தது அதற்கு மேல் 38.

மண் பரிசோதனை செய்யாமல் உரம் போடாதே என்று மற்றவர்களுக்குச் சொல்கிறோம். அதே கணக்கு நம் உடம்புக்கும் வேண்டாமா?

கருப்பட்டி விஷயம்

இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் கோபம் வரும். பனை எங்களுக்கு வெறும் மரம் இல்லை. பனையேறிகள் உயிரைப் பணயம் வைத்து இறக்குகிற பதநீர், அதைக் காய்ச்சி எடுக்கிற கருப்பட்டி. அதன் மணமும் ருசியும் சீனிக்கு வராது. கொஞ்சம் தாது உப்புகளும் அதில் உண்டு. ஆனால் கருப்பட்டியில் முக்கால் பங்கு அளவுக்கு இருப்பது சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான். வெல்லமும் அப்படித்தான். தேனில் அது குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் இருக்கிறது. கணையத்துக்கு மணம் தெரியாது.

"அப்படிச் சொன்னால் பனையேறி பிழைப்பு என்ன ஆகும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சர்க்கரை நோய் இல்லாத வீடுகளில் சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டி வாங்கட்டும், நல்ல விலை கொடுத்து வாங்கட்டும். பனையேறியின் வயிற்றில் அடிப்பது, சீனியைக் காய்ச்சிக் கலந்து கருப்பட்டி என்று விற்கிற கூட்டம். அதைத் தடுக்க நாம் போராடலாம். நோயாளியிடம் பொய் சொல்லி விற்பதால் பனையேறி வாழப் போவதில்லை.

"நம்ம தாத்தா கருப்பட்டிக் காப்பி குடிச்சார், குண்டாச் சட்டியில சோறு தின்னார், சுகரா வந்துது?" என்பது அடுத்த கேள்வி. தாத்தா விடிய முன்னாலேயே மண்வெட்டி எடுத்தார். திங்கள் சந்தைக்குத் தலைச்சுமையோடு நடந்து போனார். பாயசம் அவருக்கு ஓணத்துக்கும் கல்யாணத்துக்கும்தான். நான் முப்பது வருடம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். இப்போது தோட்டத்தில் நிற்கிறேன் என்றாலும் உழுவதற்கு டிராக்டர், தண்ணீர் இறைக்க மோட்டார். தாத்தாவின் தட்டு மட்டும் எனக்கு வேண்டும், அவர் உழைப்பு வேண்டாம் என்றால் எப்படி? இன்னொன்றும் உண்டு. தாத்தா காலத்தில் ரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்தவர்கள் யார்? "கால் அழுகிச் செத்தார்", "கண் அவிஞ்சு போச்சு" என்று சொல்லி முடித்தவற்றில் எத்தனை சர்க்கரை நோயோ?

ஆசையை எப்படிச் சமாளிப்பது?

சர்க்கரை நோயாளிக்கு ஆசை ஜிலேபி வடிவத்தில் வந்தால் சமாளித்துவிடலாம். அது கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். "இது நல்லது" என்று சொல்லிக்கொண்டு வருவதைத்தான் சமாளிக்க முடிவதில்லை. கல்யாணப் பந்தியில் போளியும் பாயசமும் வரும். "அண்ணாச்சி, ஒரு கரண்டிதான, என்ன செய்யப் போவுது? கருப்பட்டியிலதான் வச்சிருக்கு" என்பார்கள். வேண்டாம் என்றால் பரிமாறுகிறவருக்கு மனக்குறை. நம் பலகைகள் இப்படி உபசரிக்கிறவர் வாயில் ஒரு காரணத்தைக் கொடுத்துவிடுகின்றன. நோயாளியின் மனசுக்கும் அது ஒரு அனுமதிச் சீட்டு.

நான் கடைப்பிடிக்கிற சில காரியங்களைச் சொல்கிறேன். பெரிய தவம் ஒன்றும் இல்லை.

பசியோடு விசேஷ வீட்டுக்குப் போவதில்லை. புறப்படும் முன் அவித்த காணமோ சிறுபயறோ ஒரு கிண்ணம். நூறு கிராம் காணத்தில் 22 கிராம் அளவு புரதம் இருக்கிறது, வயிறு தாங்கும்.

இலையில் முதலில் அவியல், துவரன், எரிசேரி. பிறகு மீனோ பருப்போ. சோறு கடைசியில். காயும் புரதமும் முதலில் உள்ளே போனால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

மரச்சீனியோ, சோறோ, புட்டோ, ஒரு வேளைக்கு ஒன்றுதான். கிழங்கு தின்கிற அன்றைக்குச் சோறு கிடையாது. ஏத்தன் பழம் தின்றால் பாதிப் பழம், அதுவும் அதிகம் பழுக்காதது. மட்டிப் பழம் சின்னது, ஒன்றோடு நிறுத்தினால் பரவாயில்லை. சீப்பைத் திண்ணையில் தொங்கவிட்டால் நிறுத்த முடியாது. அதனால் உள்ளே வைக்கிறோம்.

சோற்றை அளந்து போடுகிறோம். ஒரு கப் சோறு சுமார் 150 கிராம், அதில் மாவுச்சத்து 40 கிராம் அளவு வரும். மீதியைப் பார்த்தால் கை போகும் என்பதால் என் மனைவி பானையை மேசைக்குக் கொண்டுவருவதில்லை.

சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் தோப்பைச் சுற்றி நடை. தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது.

பாயசம் அறவே விட்டதில்லை. வருடத்தில் சில நாள், இரண்டு கரண்டி, அன்றைக்குச் சோறு அரைக் கப். மறைத்துச் சாப்பிடுவதில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் கடைசியாக வந்தது 6.9. பெரும்பாலோருக்கு 7க்குக் கீழே இருந்தால் நல்லது என்பார்கள். என் மாத்திரையும் அதில் பங்காளி.

மாத்திரையை இளக்காரமாகப் பேச வேண்டாம்

நம்மில் பலருக்கு ஆங்கில மருந்து என்றாலே ஆகாது. அதிகம் பேர் சாப்பிடுகிற மெட்ஃபார்மின், காலேகா என்ற ஒரு பயறுக் குடும்பச் செடியைப் பற்றிய ஆராய்ச்சியின் தொடர்ச்சியாகப் பிறந்தது. 1957இல் இருந்து மனிதர்களுக்குக் கொடுத்து வருகிறார்கள். இன்சுலின் 1922இல் முதல் நோயாளிக்குப் போடப்படும்வரை, இன்சுலினே சுரக்காத குழந்தைகள் பிழைக்க வழியில்லை. இவற்றை ஒரு அரிசி மூட்டையைக் காட்டி நிறுத்தச் சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வாங்கிச் சாப்பிடுங்கள். உணவை மாற்றிச் சர்க்கரை இறங்கினால் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லிக் குறையுங்கள்.

உழவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு, வெறும் வயிற்றோடு வெயிலில் வேலை செய்தால் சர்க்கரை 70க்குக் கீழே போய்விடும். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். அப்போது சீனிதான் மருந்து. மூன்று டீஸ்பூன் சீனியைப் பொட்டலமாக மடியில் வைத்திருங்கள். தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு நிழலில் இருந்து, பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. ஆள் நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

இரண்டாவது, கால். நமக்கு வெறுங்காலில் மண்ணை மிதிப்பது பெருமை. நரம்பு மரத்துப்போன காலுக்கு முள் குத்தினது தெரியாது. சேற்று வயலில் செருப்புப் போட முடியாது, சரி. தோப்பில் போடலாம். ராத்திரி படுக்கும் முன் காலைக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கண் மங்கலானவர்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாம் எதைச் சொல்லி விற்கலாம்?

பொய் சொல்லாமலே நம்மிடம் சொல்ல நிறைய இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மதுரைப் பக்கக் கிராமங்களில் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லியோடு புழங்குகிறவர்களிடம் சர்க்கரை நோய் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தும், குடல் நுண்ணுயிர்கள் வழியாகச் சர்க்கரை கூடுவதைக் காட்டினார்கள். நஞ்சைத் தவிர்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் நஞ்சில்லாத அரிசி என்பது வேறு, சர்க்கரை ஏற்றாத அரிசி என்பது வேறு. முதலாவதைத் துணிந்து சொல்லலாம். இரண்டாவதைச் சொல்ல முடியாது.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. நோயைக் குணப்படுத்தும் என்று உணவுப் பொருளுக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகள் இருக்கின்றன. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்துவிட்டது. பெரிய கம்பெனிகள் பொய் விளம்பரம் செய்கின்றன என்று மேடையில் பேசுகிற நாம், நம் கடைப் பலகையையும் படிக்க வேண்டும். நெல் ஜெயராமனும் மற்றவர்களும் ஊர் ஊராக அலைந்து 170க்கு மேற்பட்ட ரகங்களைச் சேர்த்தார்கள். வெள்ளத்தைத் தாங்கும் ரகம், உவர் மண்ணைத் தாங்கும் ரகம், வைக்கோல் நிறையத் தரும் ரகம் என்று அவற்றுக்குச் சொந்தப் பெருமை இருக்கிறது. அந்தப் பெருமை போதும்.

சக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் ஆந்திராவின் ஸ்ரீகாகுளத்தில் 40 நோயாளிகளை வைத்து 12 வாரம் ஒரு ஆய்வு நடந்தது. பச்சைச் சக்கை மாவு நாளுக்கு 30 கிராம் சாப்பிட்டவர்களுக்கு எச்பிஏ1சி இறங்கியது. நல்ல செய்தி. ஆனால் அவர்கள் அந்த மாவை அரிசிக்கோ கோதுமைக்கோ பதிலாகச் சாப்பிட்டார்கள், மருந்தையும் நிறுத்தவில்லை. பழுத்த சக்கைச் சுளைக்கு இது பொருந்தாது. இந்த மூன்று வரியையும் சேர்த்துச் சொன்னால்தான் அது செய்தி.

எனக்கு இன்னொரு ஆதங்கம். நம் சந்தையில் அரிசி, கருப்பட்டி, லட்டு, முறுக்கு, தேன் நிறையக் கிடைக்கிறது. சர்க்கரை நோயாளி தட்டில் பாதிக்கு மேல் இருக்க வேண்டிய காய்கறி, கீரை, பயறு குறைவாகக் கிடைக்கிறது. தென்னந்தோப்பு ஊடுபயிராகத் தட்டைப்பயறு, வேலியோரம் முருங்கை, கோவைக்காய், பந்தலில் பாகல், புடலை, வாழைத் தோட்டத்தில் தண்டும் பூவும், நெல் அறுத்த வயலில் உளுந்தும் சிறுபயறும். மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கிற பயறு வகைதான் நோயாளிக்கும் புரதம் சேர்க்கிறது. நமக்கு இதில் விலை கம்மி, வாடல் அதிகம் என்பது உண்மை. ஆனால் பத்து வீட்டைப் பேசி வைத்து வாரம் இரண்டு முறை கூடை கொடுத்தால் நடக்கிறது. நான் இப்போது ஆறு வீட்டுக்குக் கொடுக்கிறேன். அதில் நான்கு சர்க்கரை வீடு.

அடுத்த மாவட்டக் கூட்டங்களில் இதை ஒரு தீர்மானமாக எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன். அரிசிப் பையில் இப்படி எழுதலாம்: "மரபு நெல். ரசாயன உரம், பூச்சிக்கொல்லி இல்லை. உமி மட்டும் நீக்கியது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவோடு, காய்கறியோடு சாப்பிடவும். மருந்தை நிறுத்த வேண்டாம்." தீட்டியிருந்தால் தீட்டியது என்று எழுத வேண்டும். கருப்பட்டிக்கும் தேனுக்கும் "சர்க்கரை நோயாளிகளுக்கு அல்ல" என்று ஒரு வரி.

விற்பனை கொஞ்சம் குறையலாம். குறையட்டும். நம்மிடம் வருகிறவர்கள் கம்பெனிச் சரக்கை நம்பாமல் நம்மை நம்பித்தான் வருகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் என்னைப் போல மாத்திரைப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள். "இது எனக்கு ஆகுமா?" என்று அவர்கள் கேட்கும்போது, "ஒரு கப் மட்டும், ரெண்டு பங்கு காயோட" என்று சொல்லுங்கள். அவர்கள் நெடுநாள் நடமாடினால்தான் நெடுநாள் நம் கடைக்கு வருவார்கள்.